‘டிஸ்க் சேர்த்தாயிற்று’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

திருமண வீடியோ எடுப்பது என் தொழில். மூன்று ஆண்டுகளின் ஒளிப்பதிவுகள் ஒரே இரவில் போயின. கோப்புகளைச் சேமித்து வைக்கும் என் சர்வரை அமைத்துத் தந்தவர் செய்த ஒரு வேலைதான் காரணம். உங்கள் சர்வரிலும் யாராவது அதைச் செய்திருக்கக்கூடும்.

தொடக்கத்தில் அவர் அமைத்தது சரியாகவே இருந்தது. நான்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்குகள், அவற்றை ‘பூல்’ என்ற ஒரே சேமிப்பிடமாக்கும் இசட்.எஃப்.எஸ். மென்பொருள், ரெய்டு-இசட்1 என்ற காப்பு முறை. நான்கில் எந்த ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றிலிருந்து கோப்புகளை மீட்கலாம். இடம் நிறைந்ததும் அவரையே அழைத்தேன். 8 டெராபைட் டிஸ்க் ஒன்றைச் செருகினார். பத்தே நிமிடத்தில் 12 டெராபைட் 20 ஆகிவிட்டது. “இதற்கும் அதே பாதுகாப்பு உண்டா?” என்று கேட்டேன். “எல்லாம் ஒரே பூல்தான் சார், கவலைப்படாதீர்கள்” என்றார்.

பதினான்காம் மாதம் அந்தப் புது டிஸ்க் செத்தது. அதில் இருந்தவை மட்டும்தானே போகும் என்று நினைத்தேன். பூலே திறக்கவில்லை.

பூலுக்குள் டிஸ்குகள் குழுக்களாக நிற்கின்றன. எழுதும் தரவு எல்லாக் குழுக்களுக்கும் பிரித்துப் போடப்படும். காலி இடம் அதிகமுள்ள குழுவுக்குக் கூடுதலாகப் போகும். ரெய்டு-இசட் தரும் காப்பு அந்தந்தக் குழுவுக்குள் மட்டும்தான். என் பழைய நான்கு டிஸ்குகள் ஒரு குழு; புதியது தன்னந்தனியாக இன்னொரு குழு. ஒரு குழு முழுதாகப் போனால் பூலே போயிற்று. அது வந்த பிறகு எடுத்த திருமணங்கள் துண்டு துண்டாக இரண்டு பக்கமும் கிடந்தன.

அவர் அறியாமல் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இப்படிச் சேர்க்க முயன்றால், காப்பு அளவு பொருந்தவில்லை என்று இசட்.எஃப்.எஸ். மறுத்துவிடும். கட்டளையில் ‘-எஃப்’ போட்டு வற்புறுத்தினால்தான் ஏற்கும். சர்வரின் கட்டளைப் பதிவில் அந்த எழுத்தை என் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, “டிஸ்குக்கு வாரண்டி இருக்கிறதே” என்றார். தன் தந்தை ஆசி வழங்கிய காட்சியைக் கேட்டு ஒரு பெண் வந்தார். தந்தை இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணிடம் எந்த வாரண்டியைக் காட்டுவது?

இன்றே ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ‘ரெய்டு-இசட்1-0’ என்ற வரியின் அதே ஓரத்தில் ஒரு டிஸ்க் மட்டும் தனியாக நின்றால், உங்கள் நிலையும் இதுதான். ரெய்டு-இசட் உள்ள பூலிலிருந்து அதைக் கழற்றவும் முடியாது. முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு அதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கி, ‘அட்டாச்’ கட்டளையால் அந்தத் தனி டிஸ்குடன் இணையுங்கள். ஒன்றின் நகலாக மற்றொன்று நிற்கும். ‘ஆட்’ கட்டளை புது டிஸ்கை மறுபடியும் தனிக் குழுவாகவே சேர்க்கும்; அந்த வேலைக்கு வருபவர் அதைத் தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.