நாலு பால் ஜாயிண்டுக்கு பில், மாற்றியது ஒன்றே ஒன்று

பழைய மஹிந்திரா தார் ஜீப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். என்னுடையது 2012 சிஆர்டிஇ டீசல், ஃபோர் வீல், முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி வருகிற மாடல். குழியில் இறங்கினால் முன்பக்கம் இடது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டியரிங்கிலும் லேசாக ஆட்டம். அடுத்த வாரம் வால்பாறை போக வேண்டும், ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு, அதைச் சரிசெய்துவிட்டே போகலாம் என்று கோவையில் ஒரு நண்பர் சொன்ன இடத்தில் விட்டேன்.

"நாலு பால் ஜாயிண்டும் போயிடுச்சுங்க, மேல ரெண்டு, கீழ ரெண்டு" என்றார் மெக்கானிக். முன் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கிற, குண்டு மாதிரித் திரும்பும் மூட்டுதான் பால் ஜாயிண்ட். ஒத்துக்கொண்டேன். காலை பத்தரைக்கு விட்ட வண்டி, சாப்பாட்டு நேரத்துக்குள் "ரெடி, வந்து எடுத்துக்குங்க" என்று போன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் சேறும் தண்ணியும் பார்த்த வண்டியில் ஜாயிண்ட், சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளோடு துருப்பிடித்து இறுகிக் கிடக்கும், புல்லர் போட்டு, சுத்தியலால் தட்டி, ஒன்றைக் கழற்றவே வியர்த்துவிடும். நாலும் இரண்டு மணி நேரத்தில் எப்படி முடியும்? ஆனால் ஓட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. 8,600 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய சாமானைக் கேட்டதற்கு "ஸ்கிராப்காரன் இப்பத்தான் எடுத்துட்டுப் போனான்" என்றார். அதையும் நம்பினேன், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் அலைன்மெண்ட் பார்க்க வேறு கடைக்குப் போனால், அந்தப் பையன் வண்டியைத் தூக்கி, வலது டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான். டயர் மேலே எழும்பி 'டொக்' என்று இறங்கியது. "அண்ணா, இதை மாத்தவே இல்லையே" என்றான். குனிந்து பார்த்தேன். கறுப்பு ஸ்பிரே பெயிண்ட் பளபளவென்று அடித்திருந்தார்கள். சாவியால் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் காய்ந்த சேறு. நட்டு கழலாமல் பிடிக்கிற பழைய ஸ்பிளிட் பின் துருவோடு அப்படியே, அதன் மேலும் பெயிண்ட். சத்தம் போட்ட இடது கீழ் ஜாயிண்ட் மட்டும்தான் புதுசு, அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பணம் போனதைவிட, அந்த வலது கீழ் ஜாயிண்ட் வளைவில் கழன்றிருந்தால் என்ற நினைப்புதான் அன்று தூங்க விடவில்லை. கழன்றால் சக்கரம் வெளியே மடிந்து வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும், ஸ்டியரிங்கைப் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது.

பில்லோடு திரும்பப் போனேன். "பையன் மாத்திட்டேன்னுதான் சார் சொன்னான்" என்று பையன் தலையில் கட்டினார். அரை மணி நேரம் கத்தியதில் 3,000 திரும்ப வந்தது, அவ்வளவுதான்.

மீதி மூன்றையும் வேறிடத்தில், பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாற்றினேன். ஒரு முழு நாள் ஆனது. கழற்றிய மூன்றும் இப்போது என் சீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்குப்பையில் கிடக்கின்றன. பெயிண்ட் மட்டும் இன்னும் புதுசாக இருக்கிறது.