அரசு ஏலத்தில் 8 ஆண்டுகள்: எது நிலைத்தது, எது போனது

என் பட்டறையில் தினமும் ஓடும் லேத், ஒரு அரசுப் பயிற்சி நிலையம் வேண்டாமென்று கழித்துவிட்ட இயந்திரம். ஏலத்தில் எடுத்து 8 ஆண்டுகள் ஆகின்றன. பெல்ட் இரண்டு முறை, பேரிங் ஒரு முறை மாற்றியதோடு சரி. மாணவர்கள் பழகிய இயந்திரம், அதனால் மேலெல்லாம் கீறல். ஆனால் மூன்று ஷிப்ட் ஓடிய இயந்திரத்தில் இருக்கும் தேய்மானம் இதில் இல்லை. பொருளைப் பார்க்கும் முன் அதை யார், எதற்கு வைத்திருந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் இதிலிருந்துதான் வந்தது.

அடுத்து எடுத்த ஜெனரேட்டரில் நன்றாக அடிபட்டேன். அறிவிப்பில் 'ஜெனரேட்டர், 1, பழுது' என்று மட்டும் இருந்தது. தூரம் என்று நேரில் போகவில்லை. லாரியோடு போய்ப் பார்த்தால் உள்ளே செம்புச் சுருளே இல்லை. 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்' என்பதுதான் இந்த ஏலங்களின் அடிப்படை நிபந்தனை. கையெழுத்துப் போட்டது நான். அதன் பிறகு பார்வையிடும் நாளில் போகாமல் எதையும் ஏலம் கேட்டதில்லை. டார்ச் எடுத்துப் போவேன். என்ஜின் என்றால் கையால் சுற்றிப் பார்ப்பேன், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பேன், மீட்டரில் ஓடிய மணி நேரத்தைக் குறித்துக்கொள்வேன். அறிவிப்பு எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறதோ, அதைத்தான் தேட வேண்டும்.

ஏலங்கள் இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான். இந்தியாவில், பழைய இரும்பு வணிகத்துக்காக 1964-ல் தொடங்கிய எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனத்தின் தளம்; அமெரிக்காவில், அரசுச் சொத்துகளைக் கவனிக்கும் ஜிஎஸ்ஏ அமைப்பின் ஜிஎஸ்ஏ ஆக்‌ஷன்ஸ். தேடும்போது பொருளின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டோர் பதிவேட்டில் இருந்தது அப்படியே அறிவிப்பில் ஏறும், எழுத்துப்பிழையோடு கூட. துறை வாரியாகப் புரட்டுங்கள். என் டிரில்லிங் மெஷின் 'இதர இரும்புச் சாமான்கள்' என்ற லாட்டில்தான் (சேர்த்து ஏலம் விடும் தொகுதி) கிடந்தது.

ஏலத் தொகையோடு செலவு முடியாது. வரி, சில தளங்களில் வாங்குபவர் கட்டணம், கிரேன், லாரி, ஏற்றுகூலி எல்லாம் உண்டு. கெடுவும் கறாரானது. ஜிஎஸ்ஏவில் 2 வேலை நாளில் பணம் கட்டி, 10 வேலை நாளில் பொருளை எடுத்தாக வேண்டும். தாமதித்தால் பல இடங்களில் தரை வாடகை ஏறும், கட்டிய பணமே போகவும் கூடும். அதனால் லாரிக்காரரிடம் பேசிய பிறகுதான் என் உச்சத் தொகையைத் தாளில் எழுதுவேன். கடைசி நிமிடத்தில் யாராவது கூட்டிக் கேட்டால் முடியும் நேரம் தானாகவே தள்ளிப்போகும். அந்தச் சூட்டில் கை ஏறத்தான் பார்க்கும். தாளில் இருப்பதைத் தாண்டியதும் எழுந்துவிடுவேன்.

இரும்பு பீரோ, ரேக், வைஸ் எல்லாம் பயமில்லாமல் எடுக்கலாம் என்றே சொல்வேன். கணினிகளை இனி தொட மாட்டேன்: தகவல் பாதுகாப்புக்காக ஹார்டு டிஸ்கைக் கழற்றியே தருகிறார்கள், யுபிஎஸ் பேட்டரியும் செத்திருக்கும். வாகனம் என்றால் முதலில் பதிவு விதியைப் பாருங்கள். இந்தியாவில் 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிறது, அவை உடைப்புக்குத்தான் போகும்.

இப்போது ஒரு ஷேப்பர் (உலோகத்தைச் சீவும் இயந்திரம்) கண்ணில் பட்டிருக்கிறது. நான்கு படங்கள் போட்டிருக்கிறார்கள், நான்கிலும் மோட்டார் பக்கம் தெரியவில்லை. பார்வையிடும் நாளில் முதலில் அந்தப் பக்கம்தான் போவேன்.