பெனாரிஸ் ஜயன்ட் ஜினியா: காம்புக்காக வாங்க வேண்டிய விதை

நாற்றுப் பண்ணைகளில் தொட்டியோடு கிடைக்கும் குட்டை ஜினியாக்கள் வாசலோர அழகுக்குப் போதுமானவை என்றாலும், பூவை வெட்டிச் சாடியில் வைக்க விரும்புவோருக்கு அவற்றின் ஒரு சாண் காம்பு பயன்படாது. அந்தத் தேவைக்கென்றே நான் வாங்கியது, 1843இல் எர்ஃபுர்ட் நகரில் தொடங்கப்பட்ட பெனாரி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ‘பெனாரிஸ் ஜயன்ட்’ விதை. தனி நிறங்களாகவும் கலவையாகவும் கிடைக்கும் இது, மூன்று நான்கு அடி உயரம் வளர்ந்து, உள்ளங்கையை நிறைக்கும் அடுக்குப் பூக்களைத் தருகிறது.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட செடி ஆதலால் நம் வெயிலுக்கு அஞ்சுவதில்லை. பாத்தியிலேயே நேரடியாக விதைத்தாலும் சில நாட்களில் முளைத்துவிடுகிறது. ஆனால் விதையின் தரம் பாதி வேலையைத்தான் செய்யும். செடி ஓரடி வளர்ந்ததும் நடுக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராமல் விட்டுவிட்டால் உச்சியில் ஒரு பெரிய பூவும் கீழே குட்டைக் கிளைகளுமாக நின்றுவிடும், கிள்ளினாலோ அடியிலிருந்து நீண்ட காம்புகள் பல எழும்.

வெட்டும் பதத்தை அறிவதுதான் இதில் நுட்பமானது. வெட்டிய மொட்டு சாடியில் மலர்வதில்லை என்பதால், பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். கழுத்து துவண்டால் இன்னும் பொறுக்க வேண்டும், விறைப்பாக நின்றால் வெட்டலாம். அப்படி வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, அடிக்கடி தண்ணீரை மாற்றினால் ஏறக்குறைய ஒரு வாரம் வாடாமல் இருக்கும். மல்லிகையை வைப்பதுபோல இதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது; குளிரில் இதழ்கள் கெட்டுவிடும்.

இலைமேல் வெண்தூள் போலப் படியும் சாம்பல் நோய்தான் ஜினியாவுக்குப் பெரிய தொல்லை. செடிகளுக்கிடையே ஓரடி இடம் விட்டு, இலை நனையாமல் வேரடியில் மட்டும் நீர் பாய்ச்சினால் அது ஓரளவு கட்டுப்படும். நோயை நன்கு தாங்கும் ‘புரொஃப்யூஷன்’ வகை இருக்கிறதே என்பார்கள். அது குட்டையானது, சாடிக்கு ஆகாது.

விலை உள்ளூர்ப் பொட்டலத்தைவிட அதிகம்தான். எனினும் இது வீரிய ஒட்டுரகம் (ஹைப்ரிட்) அன்று. ஒரே நிறத்தை மட்டும் வளர்த்து, காய்ந்த பூக்களிலிருந்து விதை எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கும் பெரும்பாலும் அதே குணத்தோடு வரும். கலவையாக நட்டவர்கள் அந்த எதிர்பார்ப்பை விட்டுவிடலாம். தேனீக்கள் நிறங்களைக் கலந்துவிடும்.