ஏழரை வருட போக்கர்: நோட்டில் இருக்கும் கணக்கு

2018 மார்ச்சில் போக்கர் என்ற சீட்டாட்டத்தின் ஆப்பில் முதல் 500 ரூபாயைப் போட்டேன். 2025 ஆகஸ்டில் கடைசி 2,340 ரூபாயை வெளியே எடுத்தேன். நடுவில் ஏழரை வருடம். மனைவி இதைச் சனி பகவான் கணக்கில் எழுதிவிட்டாள். நான் நோட்டில் எழுதினேன்.

நோட்டு என்றால் நிஜ நோட்டு. அப்பா தென்காசிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர். ராத்திரி ஷட்டரை இறக்கியதும் பற்று வரவு எழுதாமல் சாப்பிட உட்கார மாட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, எந்த மேசை, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், வந்தது அல்லது போனது. அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் "மொத்தத்தில் லாபம்தான்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். ஜெயித்த ராத்திரிகள் எல்லாம் அப்படியே ஞாபகத்தில் இருக்கின்றன. தோற்றவற்றில் பாதி, நோட்டைப் புரட்டும்போதுதான் "அட, ஆமாம்" என்று வருகிறது.

ஆன்லைனில் மொத்தக் கணக்கு 44,500 ரூபாய் நஷ்டம். ஏழரை வருடத்துக்கு இது பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வருட வாரியாகப் பிரித்துப் பார்க்கும்வரை. முதல் வருடம் 38,000 போனது. அது ஆட்டம் கற்றுக்கொண்டதற்குப் பள்ளிக்கூடக் கட்டணம். 2019-ல் 21,500 வந்தது. 2020-ல் ஊரடங்கு. நாடே வீட்டில் முடங்கியிருந்தது. ரம்மி ஆடத் தெரிந்தவர்கள் எல்லாம் போக்கர் மேசைக்கும் வந்தார்கள். எந்தக் கை, அதாவது எந்தச் சீட்டு, கிடைத்தாலும் ஃபோல்டு செய்ய, பணத்தை விட்டுவிட்டு விலகிக்கொள்ள, மனசே வராது அவர்களுக்கு. அந்த வருடம் மட்டும் 64,000 லாபம். என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் தமிழ்நாட்டில் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்து அவசரச் சட்டம் வந்தது. ஆப்பைத் திறந்தால் உங்கள் மாநிலத்தில் இந்தச் சேவை இல்லை என்று ஒரு பக்கம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்த பிறகுதான் மீண்டும் உட்கார்ந்தேன். அதற்குள் மேசையில் இருந்த முகங்கள் மாறிவிட்டன. முகம் என்று சும்மா சொல்கிறேன், எல்லாம் புனைபெயர்களும் சிங்கம், புலி படங்களும்தான். அந்த வருடம் மிச்சமிருந்த மாதங்களில் 9,500 போனது.

நான் ஆடியது 5/10 பிளைண்ட் மேசை, அதாவது சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் 5, 10 ரூபாய் கட்டாயமாகப் போட வேண்டிய மேசை. உட்காரும்போது கொண்டுபோகும் பணம், அதாவது பை-இன், ஆயிரம் ரூபாய், லேப்டாப்பில் ஒரே நேரத்தில் நான்கு மேசைகள். புதிதாக வருகிறவர்கள் யாரும் கவனிக்காத சமாசாரம் ரேக். ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்துக்குப் பாட் என்று பெயர், அதிலிருந்து கம்பெனி 5 சதவீதம், ஒரு உச்சவரம்பு வரை, எடுத்துக்கொள்ளும். நாற்பது ரூபாய், இருபது ரூபாய் என்று போவதால் கண்ணில் படாது. 2022-ல் ஒரு மாதம் ஆப்பிலேயே ஒரு மூலையில் ரேக் விவரம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அந்த மாதம் என் லாபம் 1,900. கட்டிய ரேக் 11,400. அதாவது மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து 13,300 ஜெயித்து, அதில் பெரும் பங்கைக் கடை வாடகையாகக் கட்டியிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே கடையை மூடச் சொல்லியிருப்பார். அந்த வருடம் முழுக்கச் சேர்த்து 17,000 லாபம், அதுதான் கடைசி லாப வருடம்.

2023 முதல் மூன்று பக்கமும் அடி. ஏப்ரலில் நிகர வெற்றித் தொகையில் 30 சதவீத டிடிஎஸ், அதாவது பணம் கைக்கு வருமுன்பே பிடிக்கும் வரி. அதே மாதம் தமிழ்நாட்டின் புதிய தடைச் சட்டம். ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை என்று இருந்ததால் சில மாதம் நானே ஒதுங்கியிருந்தேன். நவம்பரில் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குள் அக்டோபரில் போடும் பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்துவிட்டது. ஆயிரம் போட்டால் ஆட்டத்துக்கு 781 ரூபாய் 25 காசு. மிச்சத்தைக் கம்பெனி போனஸாகத் தந்தது. ஆனால் அந்தச் செலவைச் சரிக்கட்ட, ரேக்கில் ஒரு பகுதி திரும்பி வரும் சலுகையைக் குறைத்துவிட்டார்கள். பொழுதுபோக்காக ஆடியவர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். மேசையில் மிஞ்சியது எங்களைப் போன்ற ஆறு கணக்குப்பிள்ளைகள். ஒருவர் பணத்தை ஒருவர் சுற்றிவிட்டு, சுற்றும்போதெல்லாம் கம்பெனிக்குக் கொஞ்சம். 2023-ல் 31,000, 2024-ல் 52,500 போனது.

ஆனால் 2024-க்கு வரியை மட்டும் குறை சொல்ல முடியாது. மே மாதம், சனிக்கிழமை ராத்திரி 1.40. என் கையில் ஏஸ் ஜோடி. எதிராளி ஆல்-இன், மேசையில் இருந்த பணம் முழுவதையும் வைத்தார். நான் கால், அதே அளவு பணம் வைத்தேன். அவரிடம் கிங் ஜோடி. நூறில் 82 முறை நான் ஜெயிக்கும் கை. ரிவரில், அதாவது நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விழும் ஐந்து சீட்டில் கடைசியில், ஒரு கிங் வந்து உட்கார்ந்தது, அவருக்கு மூன்று கிங். போனது என்னவோ ஆயிரம் ரூபாய்தான். லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்திருக்கலாம். நானோ 25/50 மேசைக்குப் போனேன், அதுவரை ஒருநாளும் உட்காராத மேசை. 5,000, மறுபடி 5,000, மறுபடி 5,000. இதற்குப் போக்கரில் டில்ட் என்று பெயர். ஊரில் பித்தம் தலைக்கேறுவது என்போம். காலையில் நோட்டில் எழுதிய எண் 18,500.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்தேன். எழுந்த நேரம் என்ற பத்தியை வைத்து மொத்த நோட்டையும் இரண்டாகப் பிரித்தேன். அப்புறம் ஆட்டம் முடியும்வரை அந்தக் கணக்கைத் தொடர்ந்தேன். நள்ளிரவுக்கு முன் முடித்த ஆட்டங்கள்: 1,12,000 லாபம். நள்ளிரவு தாண்டியவை: 1,56,500 நஷ்டம். மேசையும் அதே, ஆளும் அதே. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ராத்திரி 12 மணி முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது, வாட்ஸ்அப் குழுவில் எல்லோரோடும் சேர்ந்து நானும் திட்டினேன். திட்டிவிட்டு நோட்டைப் பார்த்தால், அந்த ஜனவரியில் ஒரே ராத்திரியில் 14,000 போயிருக்கிறது. விதி வந்த பிறகு ஆகஸ்ட்வரை மொத்தமே 2,000.

இனி நேரடி ஆட்டம். இங்கேதான் என் ஞாபகம் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறது. மனைவியின் அண்ணன் முதல் தடவை கோவாவுக்கு அழைத்துப் போனார். பணஜியில் துறையில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, சின்னப் படகில் ஏறி, மாண்டவி ஆற்றில் நிற்கும் காசினோக் கப்பலுக்குப் போக வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். உள்ளே பணத்துக்குப் பதிலாகத் தரும் சிப்ஸ் வில்லைகள் உரசும் அந்தச் சத்தம் ஒன்று போதும், ஆப்பெல்லாம் பொம்மை என்று தோன்றிவிடும். ஆட்டம் ஆமை வேகம். மணிக்கு இருபத்தைந்து, முப்பது கை. ஒரு மணி நேரம் நல்ல சீட்டு வராமல் எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சலிப்பில்தான் ஆட்கள் கண்டதையும் ஆடிப் பணத்தை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன்.

2022 பயணத்தில் 100/200 மேசை. ஹிந்தி பேசிய ஒரு பெரியவர் பந்தயத்தை 800-க்கு ஏற்றினார். என்னிடம் இரண்டு ஆறுகள். நானும் இன்னொருவரும் கால். ஃப்ளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டில், கிங், ஆறு, இரண்டு. எனக்கு மூன்று ஆறு! இப்படி விழுவது எட்டரை தடவைக்கு ஒரு தடவை. அவர் 1,500, நான் கால், மூன்றாமவர் விலகினார். நான்காவது பொதுச் சீட்டான டர்னில் ஒன்பது. அவர் 4,000, நான் 11,000. யோசித்துவிட்டுக் கால் செய்தார். ரிவரில் மூன்று. மிச்சமிருந்த 18,000-ஐயும் தள்ளினார். கால் என்று சொல்ல வாய் வரவில்லை, ஒரு சிப்ஸை முன்னால் போட்டேன். அவரிடம் ஏஸ் ஜோடி. பாட் 63,500. கை நடுக்கத்தில் அடுக்க முடியாமல் பக்கத்துச் சீட்டுக்காரர் அடுக்கித் தந்தார். "மாப்ள, எந்திரி, போவோம்" என்று காதருகில் மச்சான் குரல். அன்று எழுந்தபோது 71,000 லாபம்.

கோவாவில் நான் ஜெயிக்கிற ஆள் என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறு பயணங்கள், மேசைக் கணக்கில் 58,000 லாபம். அந்த ஒரு ராத்திரியைக் கழித்தால் மிச்ச ஐந்து பயணமும் சேர்ந்து 13,000 நஷ்டம். அந்தக் கையையும் பெரிய திறமை என்று சொல்ல முடியாது. மூன்று ஆறு வைத்துக்கொண்டு ஏஸ் ஜோடிக்காரரிடம் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பணம் வந்திருக்கும். ஏழு வருடத்தில் கோவாவில் நான் ஆடியது சுமார் 2,000 கை. ஆன்லைனில் நான்கு மேசையில் அது இரண்டு ராத்திரி வேலை. இரண்டு ராத்திரியை வைத்து ஒருவன் நல்ல ஆட்டக்காரனா இல்லையா என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு கூத்து. விமானம், அறை, சாப்பாடு எதையும் நான் நோட்டில் எழுதவே இல்லை. அதெல்லாம் "டூர் செலவு". வங்கிக் கணக்கைத் தோண்டிப் பார்த்தால் ஆறு பயணத்துக்கும் சேர்த்து 84,000. ஆக, 58,000 லாபம் 26,000 நஷ்டமாகிறது.

2003-ல் 86 டாலர் ஆன்லைன் தகுதி ஆட்டத்தில் நுழைந்து, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்த கிறிஸ் மணிமேக்கர் கதையைச் சொல்லாத போக்கர் ஆட்டக்காரர் கிடையாது. அப்போது அவர் தொழில் கணக்கு எழுதுவது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. சீட்டுக் கலைப்பில் மோசடி என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. என் புகார் பணம் எடுப்பது பற்றி. ஒரு முறை 6,000 ரூபாய் 11 நாள் மாட்டிக்கொண்டது, கேட்டபோதெல்லாம் ஒரே பதிலை வெட்டி ஒட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று, ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார், பண மேசைகள் மூடின. கடைசி 2,340 மட்டும் ஆச்சரியமாக மூன்றே நாளில் வந்தது.

அந்தச் சட்டம் ஆன்லைனுக்கு மட்டும். மாண்டவியில் கப்பல்கள் அப்படியேதான் நிற்கின்றன. ஜனவரிக்கு மச்சான் கூப்பிட்டிருக்கிறார். முப்பதாயிரம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். விமான டிக்கெட்டை இந்தத் தடவை நோட்டில் முதல் வரியாக எழுதியாகிவிட்டது: பற்று, 9,860.