கர்ப்பகால மனச்சோர்வு: ஆன்லைன் கவுன்சிலரா, பிரசவ ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவா?

என் தோழிக்கு முதல் கர்ப்பம். குடித்தனம் சென்னையில், தாய்வீடு மதுரையில். நாலாம் மாதத்தில் அவளுக்கு இருப்பது மனச்சோர்வு என்று தெரிந்தது. எங்கே காட்டுவது என்று விசாரிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். விசாரித்ததில் இரண்டு வழிகள்தான் தேறின. ஒன்று, வீடியோவில் பேசும் தனியார் கவுன்சிலர். இன்னொன்று, மதுரையில் பிரசவம் பார்க்கப்போகிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இருக்கும் மனநலப் பிரிவு. நாங்கள் இரண்டாவதற்குப் போனோம். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். இன்னொரு தோழிக்கு வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன்.

செலவில் போட்டியே இல்லை. கவுன்சிலருக்கு ஒரு முறை பேச ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம், அதுவும் வாராவாரம். அரசு மருத்துவமனையில் டாக்டரும் மாத்திரையும் இலவசம். பேசக் கிடைக்கும் நேரத்தில் கவுன்சிலருக்குத்தான் முதலிடம்: முக்கால் மணி நேரம், ஒவ்வொரு வாரமும் அதே முகம். ஓ.பி.யில் காலையிலேயே வரிசை, வயிற்றோடு பெஞ்சில் காத்திருப்பு, உள்ளே போனால் சில நிமிடங்கள். பயிற்சி டாக்டர்கள் மாறிக்கொண்டும் இருப்பார்கள். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு அது சுலபமாக இல்லை.

ரகசியம் என்று பார்த்தாலும் ஆன்லைன்தான் மேல் என்று தோன்றும். மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவள் பயந்தது உண்மை. ஆனால் மாமியார், நாத்தனார் எல்லோரும் இருக்கிற இரண்டு அறை வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேச எத்தனை பேருக்கு முடியும்? “மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும், எங்களுக்கெல்லாம் வரலையா” என்று சொல்லும் வீட்டில், ‘செக்கப்புக்குப் போறோம்’ என்று கிளம்புவதுதான் எளிதாக இருந்தது.

இதெல்லாம் சரி, எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு. முதல் பிரசவம் என்றால் நம் பக்கம் பெண் ஊர் மாறிவிடுவாள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு, பிரசவத்துக்கு அப்புறமும் சில மாதம் அங்கேயே. சென்னையில் எவ்வளவு நல்ல டாக்டரைப் பிடித்தாலும், மிக முக்கியமான கட்டத்தில் அவர் கைவிட்டுப் போய்விடுவார். கர்ப்பத்தில் வரும் மனச்சோர்வு பிரசவத்தோடு முடிவதில்லை. கர்ப்பத்தில் இருந்தவர்களுக்குக் குழந்தை பிறந்த பிறகும் வர வாய்ப்பு அதிகம். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கும், குழந்தை பெற்றவர்களில் 19.8 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினை இருப்பதாகவும், அதில் முக்கியமானது மனச்சோர்வு என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. பிறந்த பிறகுதான் எண்ணிக்கை கூடுகிறது. அதனால் நான் முதலில் கேட்டது, பிரசவமான மூன்றாம் மாதத்தில் இவளை யார் பார்ப்பார்கள் என்பதைத்தான். அதற்குப் பதில் மதுரையில்தான் இருந்தது. ஏழாம் மாதம் வரை காத்திருக்காமல் ஐந்தாம் மாதமே வந்துவிடச் சொன்னேன், வந்தாள்.

ஆன்லைன் கவுன்சிலரும் ஊர் மாறினால் கூடவே வருவாரே என்று கேட்கலாம். வருவார். ஆனால் அவர் மாத்திரை எழுத முடியாது, பிரசவ டாக்டரோடு பேசும் வாய்ப்பும் குறைவு. இவளுக்கு மாத்திரை தேவைப்பட்டது. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் சோடியம் வால்புரோயேட் போன்ற சிலவற்றைக் கர்ப்பத்தில் தவிர்க்கிறார்கள். எது, எவ்வளவு, எதுவரை என்று மனநல டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்ததால், மனநலப் பிரிவின் சீட்டைப் பிரசவ டாக்டர் அன்றே பார்த்தார். வீட்டில் ஒரு பெரியம்மா “பிள்ளைக்கு ஆகாது, நிறுத்திடு” என்றபோது, “டாக்டரைக் கேட்காம திடீர்னு நிறுத்தக் கூடாது” என்று அவளே பதில் சொன்னாள். குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அவளுடைய மறுபரிசோதனையும் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில் முடிந்தன. தூக்கமில்லாத ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லேசான மனச்சோர்வு என்றால் பேச்சு சிகிச்சை மட்டுமே போதும் என்று டாக்டரே சொல்லலாம். அப்போது ஆன்லைன் நல்ல வழிதான். லேசா, கடுமையா என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. பிரசவத்தையொட்டி வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. தமிழிலும் இருக்கிறது. மாதச் செக்கப்பிலேயே அதைக் கேட்கச் சொல்லுங்கள். கிளினிக் வைத்திருக்கும் தனியார் மனநல மருத்துவர்களோடு எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அவர்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

எல்லா ஊரிலும் இரண்டு பிரிவும் ஒரே இடத்தில் இருக்காது. சென்னையில் பெண்கள் மருத்துவமனை எழும்பூரில், மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில். தஞ்சாவூரில் பிரசவம் ராசா மிராசுதார் மருத்துவமனையில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேறு பக்கம். அங்கெல்லாம் பிரசவ டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே எழுதிய சீட்டை இவரிடம் திருப்பிக் காட்டுங்கள். அந்த அலைச்சலைத் தோழி ஏற்றுக்கொள்ளலாம், அவள் மேல் போட வேண்டாம். பெங்களூருக்குப் போக முடிகிறவர்களுக்கு மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் வார்டு இருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஓ.பி.யும் திறந்திருக்காது. அதற்கு 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நாங்களும் கூப்பிட்டிருக்கிறோம், பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவள் வாயில் வந்துவிட்டால் எது நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அவளைத் தனியாக விடாமல், 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பிரிவு, எந்த டாக்டர் என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.