டார்பன் ஸ்பிரிங்ஸ் ஒருநாள் டூர்: 412 டாலர் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

கட்டின பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று நேற்று ராத்திரி வந்த பதிலைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள ஆர்லாண்டோவிலிருந்து, அதே மாநிலத்துக் கடலோர ஊரான டார்பன் ஸ்பிரிங்ஸ் போய்வர நாலு பேருக்கு 412 டாலர். டூர் டிக்கெட் விற்கும் ஒரு இணையதளத்தில் கட்டினேன். எதையெல்லாம் கவனிக்கணும் என்று கீழே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவர். கலிம்னோஸ் போன்ற கிரேக்கத் தீவுகளிலிருந்து 1905 முதல் வந்து இறங்கியவர்கள், தலையில் உலோகக் கவசமும் ரப்பர் உடுப்புமாகக் கடலுக்குள் இறங்கிக் கடற்பஞ்சு (ஸ்பாஞ்ச்) எடுத்த ஊர் என்றதும், அங்கே சுற்றிக்காட்டும் படகில் ஏறியே ஆகணும் என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் டூர்க்காரரே ஃபோன் பண்ணினார். “அம்மாவுக்கு முழங்கால் வலியா? முன்சீட் அவங்களுக்குத்தான். படகுல நானே கைபிடிச்சு ஏத்திவிடறேன்” என்றார். வயசானவர்களை இப்படி விசாரிக்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

காலை 7:30க்கு வரவேண்டிய வேன் 10 மணிக்கு வந்தது. ஃபோனில் பேசியவர் இல்லை, வேறு டிரைவர். வழியில் ஒரு பரிசுப்பொருள் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்தினார். படகுத்துறையில் இறங்கும்போது மணி 2. “3 மணிக்குக் கிளம்பணும்” என்றார். படகு கவுன்டரில் எங்கள் பெயரே இல்லை. அந்த டிக்கெட்டை யார் வேண்டுமானாலும் அங்கேயே வாங்கலாமாம்! புதிதாக வாங்கி ஏறவும் நேரமில்லை. அந்த ஊரிலுள்ள புனித நிக்கலஸ் பேராலயத்தையும் பார்க்கவில்லை. அப்பா கரையில் நின்று படகுகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வேனில் ஏறினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தளத்தைக் கேட்டால் “டூர் நடத்துபவரிடம் பேசுங்கள்.” அவரைக் கேட்டால் “பணம் தளத்திடம்தான் இருக்கு.” அப்புறம் ஃபோனே எடுக்கவில்லை. நேற்று வந்த கடைசி பதில்: “நீங்கள் சேவையைப் பயன்படுத்திவிட்டீர்கள், பணம் திரும்பத் தர இயலாது.” அடுத்த பயணத்துக்கு 20 டாலர் கூப்பன் தருகிறார்களாம். 412 டாலருக்கு 20 டாலர்!

கார்டு கம்பெனியில் புகார் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரில் போனால் ரெண்டு மணி நேரம்தான், நீங்களே போங்க. படகு டிக்கெட்டை அங்கேயே வாங்குங்க. டூர்தான் என்றால் எதெல்லாம் சேர்த்தி என்று எழுத்தில் கேளுங்க. வேன் ரொம்ப லேட்டானால் ஏறாதீங்க. அப்போதே போட்டோ எடுத்துத் தளத்துக்கு அனுப்புங்க. ஏறிவிட்டால் “சேவையைப் பயன்படுத்திவிட்டீர்கள்” என்றுதான் சொல்வார்கள்.