ஜாவா கிளாஸ் ஒன்று, போகும் இடம் மூன்று: கோட்லின், பைத்தான், கோ

நான் எடுத்துக்கொண்டது ஜாவா மொழியில் எழுதிய ஒரு சேமிப்புக் கணக்கு கிளாஸ், அதாவது தகவலையும் அதைக் கையாளும் மெத்தடுகளையும் (செயல்களையும்) ஒன்றாகக் கட்டிய நிரல் துண்டு. உள்ளே இரண்டே ஃபீல்டுகள்: பைசாவில் இருப்புத் தொகை, வரவு செலவுப் பதிவுகளின் லிஸ்ட். இரண்டும் பிரைவேட், கிளாஸுக்கு வெளியிலிருந்து தொட முடியாது. பணம் போட ஒரு மெத்தட், எடுக்க ஒரு மெத்தட், இருப்பைப் பார்க்க ஒரு கெட்டர். இருப்புக்கு மேல் எடுக்கப் போனால் செக்டு எக்செப்ஷன் வரும், அதாவது கவனித்தே ஆக வேண்டும் என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழை. நாற்பது வரிகூட இல்லை. இதைக் கோட்லின், பைத்தான், கோ மூன்றுக்கும் மாற்றினேன். வரிகளை மாற்றுவது அரை மணி நேர வேலைதான். பிரைவேட்டும் எக்செப்ஷனும் கொடுத்த பாதுகாப்பு கூடவே வந்ததா என்று சரிபார்க்கத்தான் நாள் முழுக்கப் போனது.

கோட்லின்தான் ரொம்பச் சுலபம். ஜாவா கோடைக் காப்பி செய்து கோட்லின் ஃபைலில் ஒட்டினாலே, மாற்றித் தரட்டுமா என்று இன்டெலிஜே (கோட் எழுதும் மென்பொருள்) கேட்கும். கெட்டருக்குத் தனி மெத்தட் வேண்டாம். இருப்புக்கு அடியில் 'பிரைவேட் செட்' என்று ஒரு வரி போட்டால் யாரும் படிக்கலாம், கிளாஸ் மட்டுமே மாற்றலாம். இங்கே இருக்கும் ஒரே ஆசை, தகவலை வைத்திருக்கவே உருவான டேட்டா கிளாஸ். சின்ன கிளாஸ்தானே என்று அதை டேட்டா கிளாஸ் ஆக்கி, இருப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் பகுதியில்) வைத்தால், 'காப்பி' என்ற மெத்தட் இலவசமாக வந்துவிடும். அதை வைத்து யார் வேண்டுமானாலும் இருப்பு ஒரு கோடி என்று போட்டு இன்னொரு கணக்கை உருவாக்கலாம். முகவரி, புள்ளி மாதிரி வெறும் தகவலுக்கு டேட்டா கிளாஸ் அருமை. கணக்குக்கு வேண்டாம்.

பைத்தானில்தான் நான் சறுக்கினேன். ஜாவாவில் ஃபீல்டுகளைக் கிளாஸின் தலையில் எழுதிப் பழகிய கை, பதிவுகளின் காலி லிஸ்ட்டையும் அங்கேயே எழுதிவிட்டது. ஓடியது, பிழை எதுவும் வரவில்லை. இரண்டு கணக்குகளைத் திறந்து முதல் கணக்கில் 500 ரூபாய் போட்டேன். இரண்டாவது கணக்கின் பதிவுகளிலும் அதே 500 நின்றது! பைத்தானில் கிளாஸின் தலையில் எழுதும் லிஸ்ட் ஒன்றுதான். அந்தக் கிளாஸிலிருந்து உருவாகும் எல்லா ஆப்ஜெக்ட்டும், இங்கே எல்லாக் கணக்குகளும், அதையே பங்கு போட்டுக்கொள்ளும். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் 'இனிட்' மெத்தடுக்குள், அந்த ஆப்ஜெக்ட்டையே குறிக்கும் செல்ஃப் போட்டு எழுதினால்தான் ஒவ்வொன்றுக்கும் தனி லிஸ்ட். இருப்பு இந்த வலையில் மாட்டவில்லை என்பது இன்னும் குழப்பியது. எண்ணைக் கூட்டி எழுதும்போது அந்த ஆப்ஜெக்ட்டுக்கென்று தனி மதிப்பு உருவாகிவிடுகிறது, அதனால் தொகை சரி, பதிவு மட்டும் தப்பு. 2018இல் பைத்தான் 3.7உடன் வந்த டேட்டாகிளாஸ் வசதி, காலி லிஸ்ட்டை இப்படித் தலையில், இது லிஸ்ட் என்று டைப்பையும் குறித்து எழுதினால் அங்கேயே பிழை காட்டி நிறுத்தும். இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம் வகுத்தல். செலவை மைனஸாகப் பதிந்திருந்தேன். மைனஸ் 7ஐ 2ஆல் முழு எண்ணாக வகுத்தால் ஜாவா மைனஸ் 3 தரும், பைத்தானின் இரட்டைச் சாய்கோடு மைனஸ் 4 தரும். ஒரு பைசாதான், ஆனால் கணக்கில் ஒரு பைசா உதைத்தாலும் உதைத்ததுதான். பிரைவேட்டும் இங்கே கிடையாது. பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்டு, தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவே.

கோ மொழியில் கிளாஸே இல்லை. ஃபீல்டுகள் மட்டும் கொண்ட ஸ்ட்ரக்ட் ஒன்றை எழுதி, மெத்தடுகளை வெளியிலிருந்து அதோடு சேர்க்க வேண்டும். எந்தக் கணக்கின் மேல் மெத்தட் ஓடுகிறது என்று சொல்லும் ரிசீவரின் டைப்புக்கு முன்னால் நட்சத்திரக் குறி விட்டுப்போனால், மெத்தடுக்குக் கணக்கின் நகல்தான் போகும். 500 ரூபாய் போடுவீர்கள், இருப்பு பூஜ்யத்திலேயே நிற்கும். சிறிய எழுத்தில் தொடங்கும் ஃபீல்டை வெளிப் பேக்கேஜ் (வேறொரு கோட் தொகுப்பு) தொட முடியாது, ஆனால் அதே பேக்கேஜுக்குள் எல்லோருக்கும் திறந்த வீடு. அதனால் இந்த ஒரு ஸ்ட்ரக்டைத் தனிப் பேக்கேஜில் வைத்தேன்.

ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம்மிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் கோட்லின், யோசிக்கவே வேண்டாம். வெளியே போவதென்றால் நான் பைத்தானைவிட கோ மொழியையே எடுப்பேன். அங்கே தப்பு நடந்தால் முதல் ஓட்டத்திலேயே கண்ணில் படும். பைத்தானில் இரண்டாவது கணக்கைத் திறக்கும்வரை தெரியாது.

ஒன்று மட்டும் மூன்றிலும் வரவில்லை. இருப்பு போதாத நிலையைக் கவனிக்காமல் விட்டால் ஜாவா கம்பைலர் கோடையே ஏற்காது. கோட்லினிலும் பைத்தானிலும் எக்செப்ஷனைப் பிடிக்கும் கட்டாயம் இல்லை. கோ பிழையை மதிப்பாகத் திருப்பித் தரும், அதை வாங்காமலே விட்டாலும் கம்பைல் ஆகும். எனவே கிளாஸைத் தொடுவதற்கு முன் அதன் டெஸ்ட்டுகளை முதலில் மாற்றுகிறேன்: 100 ரூபாய் இருக்கும் கணக்கில் 101 கேட்டால் பிழை வர வேண்டும், இருப்பு 100ஆகவே நிற்க வேண்டும், பக்கத்துக் கணக்கின் பதிவு காலியாக இருக்க வேண்டும்.